தடுப்பூசி வேண்டாம் என்பவரோடு வாதாடும்போது

'தடுப்பூசி தேவையா?' என்று பொத்தாம்பொதுவாக ஆரம்பிக்கும் பேச்சு எங்கும் போய்ச் சேராது. எந்த நோய், எந்த ஊசி, குழந்தைக்கு என்ன வயது என்று முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். 'ஊரே போட்டிருக்கிறது, என் பிள்ளைக்கு எதற்கு?' என்பவரிடம் டெட்டனஸைப் பற்றிப் பேசுங்கள். அந்தக் கிருமி மண்ணில் கிடப்பது, ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. ஊரே போட்டுக்கொண்டாலும் போடாத குழந்தைக்கு அதனால் காப்பு இல்லை. தட்டம்மை இதற்கு நேர்மாறு. நோயாளி வெளியேறி 2 மணி நேரம் வரை வைரஸ் அறைக் காற்றில் நிற்கும். அது பரவாமலிருக்க 95 சதவீதம் பேராவது போட்டிருக்க வேண்டும்.

அடுத்து, எதிரில் இருப்பவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஆட்டிசம் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. இவர்களாக அதை மறுக்கப் போய், இல்லாத பயத்தை விதைத்துவிடுகிறார்கள். அவரே கேட்டால் மட்டும் சொல்லுங்கள்: தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் ஊசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்டு 1998-ல் வெளியான கட்டுரை பார்த்தது 12 குழந்தைகளை. அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-ல் அதைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளை வைத்துச் செய்து 2019-ல் வெளியான ஆய்வில் எம்எம்ஆர் ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு தெரியவில்லை.

உண்மையை ஒப்புக்கொள்ளத் தயங்காதீர்கள். எம்எம்ஆர் போட்டு ஒரு வாரம், பத்து நாளில் சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும். சுமார் 3,000 முதல் 4,000 தவணைக்கு ஒன்றில் காய்ச்சல் வலிப்பும் வரலாம். பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் நிரந்தரப் பாதிப்பு இருக்காது. 'பக்கவிளைவே கிடையாது' என்று அடித்துச் சொல்லியிருந்தால், எட்டாம் நாள் உடம்பு சுட்டதும் நீங்கள் சொன்ன மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். அதோடு எதிர்ப்பக்க எண்ணையும் வையுங்கள்: தட்டம்மை வந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய ஒருவருக்கு மூளை வீங்குகிறது.

'நோய் வந்தவர்களில் ஊசி போட்டவர்கள்தான் அதிகம்' என்பது சாமர்த்தியமான வாதம். பதிலை வாயால் சொல்லாதீர்கள், தாளில் போட்டுக் காட்டுங்கள். 1,000 குழந்தைகள், 980 பேர் இரண்டு தவணையும் போட்டவர்கள், 20 பேர் போடாதவர்கள். எல்லோரும் தட்டம்மைக் கிருமியை எதிர்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தவணையின் காப்பு 97 சதவீதம், எனவே 980-ல் சுமார் 29 பேருக்கு நோய். போடாதவர்களில் 10-க்கு 9 வீதம் 18 பேர். 29 பெரிதுதான். ஆனால் அது 980-ல் 29, இது 20-ல் 18.

'சுத்தமும் சத்துணவும் போதுமே' என்பதில் பாதி சரி. வசதியான நாடுகளில் தட்டம்மை மரணங்கள் ஊசி வருமுன்பே குறைந்தன. ஆனால் நோய் வருவது குறையவில்லை. அமெரிக்காவில் 1963-ல் ஊசி வந்த பிறகுதான் அது சரிந்தது.

'கொஞ்சம் வளரட்டும்' என்பவரிடம் கக்குவான் இருமலைச் சொல்லுங்கள். அது உயிரைப் பறிப்பது பெரும்பாலும் முதல் சில மாதங்களில். எதிர்ப்புசக்தி மிகக் குறைந்த குழந்தைக்கோ, முந்தைய தவணையில் கடும் ஒவ்வாமை கண்ட குழந்தைக்கோ சில ஊசிகளை மருத்துவரே நிறுத்துவார். சாதாரண சளி அந்தக் கணக்கில் வராது.

எல்லா ஊசிக்கும் ஒரே மூச்சில் சம்மதம் வாங்கப் பார்க்காதீர்கள். அடுத்து வரவேண்டிய ஒரு தவணையும் அதற்கு ஒரு தேதியும் முடிவானால் அன்றைக்கு அது போதும்.