அமரோனே ஒயின்: உலர்த்தும் பரணிலிருந்து பீப்பாய் வரை

இத்தாலியின் வெரோனா நகருக்கு வடக்கே இருக்கும் வால்போலிசெல்லா குன்றுகளில், பறித்த திராட்சை முழுவதையும் உடனே பிழிந்துவிடுவதில்லை. நல்ல குலைகளாகப் பார்த்து ஒதுக்கி, மூன்று நான்கு மாதம் பரணில் காற்றாட நிழலில் காயவைக்கிறார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்த பிறகே பிழிகிறார்கள். அந்தச் சாறு இனிப்பில்லாமல் முழுதும் நொதித்தால் கிடைப்பது அமரோனே. இந்த ஒயின் கெட்டுப்போவதும் தேறுவதும் பெரும்பாலும் பரணிலேயே முடிவாகிவிடும். ஆகவே இங்கும் பரணைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறோம்.

உலர்த்தும் வழக்கம் மிகப் பழையது. வெரோனா பகுதியில் இலையுதிர்காலத்தில் பறித்த குலைகளைத் தொங்கவிட்டு, டிசம்பரில் ஒயின் ஆக்குவதை 6-ஆம் நூற்றாண்டில் அரசு அமைச்சரான காசியோடோரஸ் ஒரு கடிதத்தில் விவரித்திருக்கிறார். அது இனிப்பு ஒயின். அதன் இன்றைய வாரிசு ரெச்சோட்டோ. ரெச்சோட்டோவில் நொதிப்பு பாதியில் நின்று சர்க்கரை மிஞ்ச வேண்டும். ஈஸ்ட் நிற்காமல் சர்க்கரை முழுவதையும் தின்று தீர்த்த பீப்பாய்களை நீண்ட காலம் பிசகிப்போன ரெச்சோட்டோவாகவே கருதினார்கள். அந்தப் பீப்பாய்க்கு அமரோனே என்ற தனிப் பெயர் வந்தது 1936-இல், நெக்ரார் ஊரின் கூட்டுறவு ஒயின் கூடத்தில் என்று அங்கே சொல்வார்கள். 1950-களில் அது சந்தைக்கு வந்தது. வால்போலிசெல்லாவுக்கு 1968-இல் டிஓசி என்ற, பிறப்பிடத்தை உறுதிசெய்யும் அரசுத் தகுதி கிடைத்தது. அமரோனேவுக்கு இத்தாலியின் உச்சத் தகுதியான டிஓசிஜி 2010 அறுவடையிலிருந்து நடைமுறைக்கு வந்தது.

எந்தத் திராட்சை

கலவையில் 45 முதல் 95 சதவீதம் வரை கொர்வீனா இருக்க வேண்டும். பெரிய காய் கொண்ட கொர்வினோனேயும் இந்தக் கணக்கில் இடம்பெறலாம். ரொந்தினெல்லா 5 முதல் 30 சதவீதம். மீதி, விதிகள் அனுமதிக்கும் பிற சிவப்பு வகைகள். முன்பு கட்டாயமாக இருந்த மொலினாராவுக்கு இப்போது அந்தக் கட்டாயம் இல்லை.

கொர்வீனாவுக்கு முதலிடம் கொடுப்பதற்குக் காரணம் அதன் தடித்த தோல். மெல்லிய தோலுள்ள வகை மூன்று மாதம் தாங்காது, வெடித்துப் பூசணம் பிடிக்கும். கொர்வீனாவில் ஒரு சங்கடமும் உண்டு. கொடியின் அடிக் கணுக்களில் குலை பிடிக்காது. ஒட்ட வெட்டிவிட்டால் அந்த வருடம் காய்ப்பே இருக்காது. அதனால்தான் நீளமான கொடிகளை விட்டு, பந்தலில் படரவிடும் முறை அங்கே நிலைத்தது.

பறித்தலும் அடுக்கலும்

செப்டம்பர் கடைசியில் தொடங்கி அக்டோபர் தொடக்கத்துக்குள் கையால் பறித்துவிட வேண்டும். உலர்த்தப்போகும் குலையை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். காய்கள் நெருக்கமில்லாமல், இடையே காற்று புகும்படி இருந்தால்தான் எடுக்கலாம். இறுகிய குலையின் நடுவில் ஈரம் தங்கும், அழுகல் அங்கேதான் தொடங்கும். ஒரு காய் கீறியிருந்தாலும் அதைக் கிள்ளி எறிந்துவிட்டு அடுக்குங்கள்.

பழைய முறையில் மூங்கில் அல்லது நாணல் தட்டிகளில் பரப்பினார்கள். இப்போது பெரும்பாலும் 5 முதல் 7 கிலோ பிடிக்கும் ஆழமில்லாத பிளாஸ்டிக் கூடைகள்தான். எதில் வைத்தாலும் ஒரே அடுக்காக வையுங்கள். குலை மேல் குலை வைத்தால் அடியிலுள்ளது நசுங்கிச் சாறு கசியும், அந்தக் கூடை முழுவதும் போய்விடும்.

உலர்த்துதல்

100 முதல் 120 நாள் வரை ஆகும். முதல் இரண்டு மூன்று வாரம்தான் ஆபத்தானது. காயில் தண்ணீர் நிறைய இருக்கும்போதே அக்டோபர் பனிமூட்டமும் மழையும் வந்துவிடும். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் போட்ரைடிஸ் என்ற சாம்பல் பூசணம் கிளம்பும். சில இனிப்பு ஒயின்களுக்கு இந்தப் பூசணம் வரம். அமரோனேவுக்குப் பெரும்பாலும் கேடுதான். அது விடும் லாக்கேஸ் என்ற நொதி நிறத்தைத் தின்று, சாறு பழுப்பேறிவிடும். வாடைக்காற்று வீசும் நாளில் சன்னல்களைத் திறந்துவிடுங்கள். ஈரமான நாளில் மூடிவிட்டு விசிறி ஓட்டுங்கள். வாரம் ஒரு தடவையாவது கூடைகளைப் புரட்டிப் பார்த்து, சாம்பல் படிந்த காய்களை எடுத்துவிட வேண்டும்.

விசிறியும் ஈரம் உறிஞ்சும் கருவியும் வைத்துக்கொள்ள விதிகள் இடம் தருகின்றன. ஆனால் இயற்கையாக உலர்த்தும்போது இருக்கும் வெப்பநிலையை மீறக் கூடாது. இது மிகச் சரியான விதி. சூடேற்றினால் சில வாரத்திலேயே எடை இறங்கிவிடும், சர்க்கரையும் ஏறும். ஆனால் மெதுவாகக் காயும்போது காய்க்குள் வேறு வேலையும் நடக்கிறது: புளிப்புத் தரும் மாலிக் அமிலம் குறைகிறது, தோலில் நிறமும் துவர்ப்பும் தரும் பாலிஃபீனால் சேர்மங்கள் மாறுகின்றன, மணம் திரள்கிறது. அவசரப்படுத்தினால் கிடைப்பது உலர்திராட்சை வாடைதான்.

எடை 35 முதல் 45 சதவீதம் குறைந்ததும் பிழியத் தயார். அதற்கு முன்பே குறைந்திருந்தாலும் டிசம்பர் 1-க்கு முன் பிழியக் கூடாது. விதிவிலக்கான வருடங்களில் மட்டும் அரசு தளர்த்தும்.

எவ்வளவு கிடைக்கும்

ஒரு ஹெக்டேரில் அதிகபட்சம் 12 டன் பறிக்கலாம். அதில் 65 சதவீதம், அதாவது 7.8 டன் வரைதான் உலர்த்தலாம். சந்தையில் விலை சரியாமல் இருக்க, சில வருடங்களில் இந்த அளவையும் குறைத்துவிடுகிறார்கள். உலர்த்தும் முன் இருந்த திராட்சையின் எடையில் 40 சதவீதத்துக்கு மேல் ஒயின் எடுக்கக் கூடாது. ஆக 3,120 லிட்டர். முக்கால் லிட்டர் பாட்டிலில் 4,160. அமரோனேவின் விலை ஏன் அப்படி என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

நொதித்தல்

காம்பு நீக்கி, மெதுவாக நசுக்கித் தொட்டியில் விடுங்கள். அப்போது ஜனவரிக் குளிர், சாறோ பாகு மாதிரி. ஆல்கஹால் 1 சதவீதம் ஏற லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை வேண்டும். 16 சதவீத ஒயினுக்கு 270 கிராம் வரை ஈஸ்ட் தின்றாக வேண்டும். இவ்வளவு சர்க்கரையில் சாதாரண ஈஸ்ட் திணறும். திணறும் ஈஸ்ட் அசெட்டிக் அமிலத்தை அதிகமாக விடும், ஒயினில் புளிக்காடி வாடை ஏறும். இதைத் தவிர்க்கக் குளிரையும் ஆல்கஹாலையும் தாங்கும் பயானுஸ் வகை ஈஸ்டைச் சிறு தொட்டியில் எழுப்பி, அதே சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பழக்கிய பிறகு பெரிய தொட்டியில் கலக்க வேண்டும். இரண்டுக்கும் 10 டிகிரிக்கு மேல் வெப்ப வித்தியாசம் இருக்க வேண்டாம். ஈஸ்டுக்கு வேண்டிய நைட்ரஜன் ஊட்டத்தையும் ஒரே தடவையாகக் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள்.

30 முதல் 50 நாள் வரை நொதிக்கும். தொடக்கத்தில் மேலே மிதக்கும் தோலை அடிக்கடி அமுக்கலாம். ஆல்கஹால் 12, 13 ஏறிய பிறகு அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விதையின் துவர்ப்பு இறங்கிவிடும். குறைந்தபட்ச ஆல்கஹால் 14 சதவீதம் என்பது விதி. நடைமுறையில் 15, 16 வரை போவது சாதாரணம்.

பீப்பாயும் சக்கையும்

அறுவடைக்கு அடுத்த ஆண்டு ஜனவரி 1-இலிருந்து கணக்கிட்டு 2 ஆண்டு பதப்படுத்த வேண்டும். ரிசெர்வா என்று எழுத வேண்டுமானால் அறுவடை ஆண்டின் நவம்பர் 1-இலிருந்து 4 ஆண்டு. குரோஷியாவின் ஸ்லாவோனியா பகுதி ஓக் மரத்தில் செய்த பெரிய பீப்பாய் பழத்தின் மணத்தைக் காப்பாற்றும். சிறிய புதுப் பீப்பாய் வெனிலா மணத்தை ஏற்றி, பரணில் பட்ட பாட்டை மறைத்துவிடக்கூடும். நம் வாக்கு பெரியதற்கே.

பிழிந்த சக்கையைத் தூக்கி எறிய வேண்டாம். அதில் சர்க்கரையும் உயிருள்ள ஈஸ்டும் மிஞ்சியிருக்கும். உலர்த்தாத திராட்சையில் செய்த சாதாரண வால்போலிசெல்லாவை அதன் மேல் ஊற்றினால் மறுபடி நொதித்து, நிறமும் கனமும் கூடிய ரிபாஸ்ஸோ ஆகும். எடுத்த அமரோனேவைப் போல் இரண்டு மடங்கு வரைதான் இப்படிச் செய்யலாம். அமரோனேவை வடித்த அன்றே ஊற்றிவிடுங்கள். காற்றுப்படக் கிடந்த சக்கை புளித்துவிடும், அதன் மேல் ஊற்றும் ஒயினும் காடியாகிவிடும்.