தூபம்போல் ஏறும் குடும்ப ஜெபம்: ஒழுங்குபடுத்தும் முறை

“என் விண்ணப்பம் உமக்கு முன்பாகத் தூபமாக இருக்கக்கடவது” என்கிறது சங்கீதம் 141:2. அதனால் வேதத்தில் தூபங்காட்டிய முறையைப் பார்த்தே குடும்ப ஜெபத்தை ஒழுங்குபடுத்தலாம். முதலில் நேரம். பிரதான ஆசாரியனான ஆரோன் காலையில் விளக்குகளைச் சீர்படுத்தும்போதும், மாலையில் விளக்கேற்றும்போதும் தூபங்காட்ட வேண்டும் என்பது கட்டளை (யாத்திராகமம் 30:7, 8). அன்றாட வேலையோடுதான் அந்த நேரம் கட்டப்பட்டிருந்தது. நீங்களும் அப்படியே கட்டுங்கள். பாலக்கோடு பக்கத்துக் கிராமமானால், பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்ததும் உட்காரலாம். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிற வீட்டில் “ராத்திரி எட்டு மணி” என்று வைத்தால் அடுத்த ஷிப்டிலேயே உடைந்துவிடும். வேலைக்குக் கிளம்புகிறவர் செருப்பு மாட்டுமுன் ஐந்து நிமிடம், எல்லாரும் இருக்கிற சாப்பாட்டு வேளைக்கு முன் இருபது நிமிடம் என்று வையுங்கள்.

அந்த இருபதில் ஒரு பாட்டுக்கும் ஒரு சங்கீதத்துக்கும் எட்டு நிமிடம், அமைதிக்கு இரண்டு, ஜெபத்துக்குப் பத்து. பரிசுத்த தூபத்துக்கு வெள்ளைப்போளம், குங்கிலியம், அல்பான் பிசின், சுத்தமான சாம்பிராணி நான்கும் சம நிறையாகச் சேர்ந்தன. விண்ணப்பம், ஜெபம், வேண்டுதல், ஸ்தோத்திரம் என்று 1 தீமோத்தேயு 2:1-உம் நான்கைச் சொல்கிறது. ஜெபத்தின் இந்த நான்குக்கும் தூபத்தின் அந்த நான்கு அடையாளம் என்று வேதம் சொல்லவில்லை. நாமும் சொல்ல வேண்டாம். ஆனால் அளவு பார்க்கிற பழக்கம் நல்லது. பெரும்பாலான வீடுகளில் சொந்தத் தேவையே பத்து நிமிடத்தையும் விழுங்கிவிடுகிறது, நன்றி “ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்ற இரண்டு வார்த்தையோடு நின்றுவிடுகிறது. நன்றியை முதலில் வைத்து, பிறருக்காக ஜெபித்து, தேவையைக் கடைசியில் சொல்லுங்கள்.

தூபவர்க்கத்தைப் பொடியாக இடித்துத்தான் சந்நிதியில் வைத்தார்கள். “எங்களை ஆசீர்வதியும்” என்பது இடிக்காத கட்டி. இப்படிச் சொல்லுங்கள்: “ஆண்டவரே, கிளிமூக்கு மாங்காய்க்கு விலை இல்லை. கூழ் ஃபேக்டரிக்கு லோடு போயும் பணம் வரவில்லை. சனிக்கிழமை பறிப்புக் கூலி கொடுக்கணும். வழி காட்டும், கூலி கேட்டு வருகிறவர்கள்மேல் எரிந்துவிழாமல் என் வாயைக் காத்துக்கொள்ளும்.” இடிக்க இடிக்க, கேட்கக் கூடாதது எது என்பதும் தானே தெரிந்துவிடும்.

கெடுவது எங்கே? பெரும்பாலும் ஜெபத்துக்கு வெளியே. வரப்புத் தகராறிலோ கிணற்றுத் தண்ணீர் முறையிலோ அண்ணன் தம்பி பேச்சு நின்றிருந்தால், முதலில் போய் ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5:24. உடனே போக முடியாவிட்டால் போனாவது போடுங்கள். மனைவியைக் கனப்படுத்தாத கணவனின் ஜெபம் தடைபடும் என்று 1 பேதுரு 3:7 நேராகவே சொல்கிறது.

இன்னொன்று அந்நிய அக்கினி, அதாவது கர்த்தர் கட்டளையிடாத நெருப்பில் தூபங்காட்டுவது (லேவியராகமம் 10:1). பாவநிவாரண நாளில் தூபத்துக்கான நெருப்பு பலிபீடத்திலிருந்தே எடுக்கப்பட்டது (லேவியராகமம் 16:12). நம் ஜெபத்துக்கும் சூடு கிறிஸ்துவின் பலியிலிருந்துதான் வரணும், சத்தத்திலிருந்து அல்ல. மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, “இவனுக்குப் புத்தி கொடும்” என்று ஜெபிப்பது அவனைத் திட்டுவதுதான். அடுத்த நாளே அவன் பாயில் உட்கார மாட்டான். அதைத் தனியறையில் ஜெபியுங்கள்.

வார்த்தையே வராத நாளில் 141-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக, வசனத்துக்கு வசனம் நிறுத்தி வாசித்தால் போதும். ஒரு நாற்பது பக்க நோட்டில் விண்ணப்பத்தைத் தேதியோடு எழுதி, பதில் வந்த தேதியை எதிரே குறியுங்கள். மறுநாள் நன்றி சொல்வதை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம்.