குழாயடிச் சண்டை ஆகாமல் இணையத்தில் வாதாடுவது எப்படி?

"எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி சுத்த வேஸ்ட்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நான் சும்மா போயிருக்கலாம், போகவில்லை. ராத்திரி 11 மணிக்குத் தொடங்கி விடிய விடிய முட்டிக்கொண்டோம். காலையில் நிதானமாகப் படித்தால், அவர் பேசியது ஒரே ஒரு ஆளைக் குறிவைத்து சிம் ஸ்வாப் செய்யும் (அவர் நம்பரைத் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்ளும்) திருடனைப் பற்றி, நான் பேசியது எங்கோ கசிந்த பாஸ்வேர்டுப் பட்டியலை எடுத்து லட்சம் கணக்குகளில் போட்டுப் பார்க்கும் திருடனைப் பற்றி. இரண்டு பேர் சொன்னதும் சரிதான், தூக்கம் போனதுதான் மிச்சம்.

அதனால் லாகின் பாதுகாப்பு பற்றி வாய் திறக்கும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: எந்தத் திருடன்? இதற்குப் பதில் வந்தாலே பாதிச் சண்டை அடங்கிவிடும். பட்டியல் திருடனுக்கு எஸ்எம்எஸ் ஓடிபி நல்ல தடை, சிம்மையே கைப்பற்றியவனுக்கு அது தடையே இல்லை. போலித் தளம் வைத்து, நீங்கள் தட்டுவதை அந்த நொடியே உண்மைத் தளத்துக்குக் கடத்துபவனிடம், ஓடிபி ஆப்பில் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் 6 இலக்க எண்ணும் தோற்றுவிடும். பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் ரகசிய டிஜிட்டல் சாவி) அங்கே தப்பிக்கும், ஏனென்றால் அது எந்தத் தளத்துக்காக உருவானதோ அந்த டொமைன் (இணைய முகவரி) இல்லாவிட்டால் வேலையே செய்யாது. சரி, அப்படியானால் எல்லாரும் பாஸ்கீக்கு மாற வேண்டியதுதானே என்று குதிக்காதீர்கள். போன் தொலைந்தால் என்ன வழி, ஒரே போனை வீட்டில் நாலு பேர் பயன்படுத்தினால் என்ன வழி என்று எதிராளி கேட்பார், கேட்பது நியாயம்.

அடுத்து, கையில் இருக்கும் தகவல் எந்த வருஷத்துச் சரக்கு என்று பாருங்கள். 90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றியே ஆக வேண்டும் என்று இன்றும் சத்தியம் செய்பவர்கள் உண்டு. அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே, காரணமில்லாமல் அவ்வப்போது மாற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம் என்று எழுதிவிட்டது. பழைய விதிகளை எழுதிய பில் பர் என்பவரே, தான் செய்ததில் பெரும்பகுதிக்கு வருந்துவதாக அதே வருஷம் ஒப்புக்கொண்டார். ஆனால் இதை எடுத்து வீசும்போது முழுசாக வீசுங்கள். கசிந்ததற்கு ஆதாரம் இருந்தால் மாற்ற வைக்க வேண்டும் என்றும் அந்த வழிகாட்டி சொல்கிறது. "பாஸ்வேர்டை மாற்றவே வேண்டாம் என்று நிஸ்ட் சொல்லிவிட்டது" என்று சுருக்கினால், ஆவணத்தைப் படித்த ஒருத்தர் வந்து உங்களை உரித்துவிடுவார்.

வெப் தொழில்நுட்பச் சண்டைகளில் பெரும்பாலானவை ருசி சம்பந்தப்பட்டவை, எந்த ஃபிரேம்வொர்க் அழகு என்பதில் எல்லாம் நான் தலையிடுவதில்லை. சோதித்துப் பார்க்க முடிகிறவற்றை மட்டும் பத்து வரி புரோகிராம் எழுதிக் காட்டுங்கள். டோக்கனை (லாகின் செய்தவர் நீங்கள்தான் என்று தளத்துக்குக் காட்டும் அடையாளச் சீட்டு) பிரவுசரின் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் வைப்பதா, பக்கத்தின் ஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடி பூட்டிய ஹெச்டிடிபி-ஒன்லி குக்கியில் வைப்பதா என்ற பஞ்சாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்குள் நுழைந்த கெட்ட ஸ்கிரிப்ட் லோக்கல் ஸ்டோரேஜைப் படித்துவிடும், அந்தக் குக்கியைப் படிக்க முடியாது. ஆனால் படிக்காமலேயே, திறந்திருக்கும் பக்கத்திலிருந்து உங்கள் பெயரில் கோரிக்கை அனுப்ப முடியும். ஆக "குக்கியில் போட்டாச்சு, இனி பயமில்லை" என்பவரும் பாதிதான் சரி.

ஆதாரம் காட்டுகிறேன் என்று ஸ்க்ரீன்ஷாட் போடும்போது ஜாக்கிரதை. லாகின் ஆன கணக்கைத் திறந்துவைத்திருக்கும் செஷன் ஐடியையும், ஓடிபி ஆப்பைக் கணக்கோடு இணைக்கும் க்யூஆர் கோடையும் அப்படியே ஒட்டி, தன் வாதத்தைத் தன் கணக்கை வைத்தே நிரூபித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மங்கலாக்கினால் போதாது, வெட்டி எடுத்துவிடுங்கள். வாதத்தின் நடுவில் நிஜமான ஓட்டை ஒன்று கண்ணில் பட்டால் அதை வைத்துப் பந்தா காட்டாதீர்கள். அந்தத் தளத்தில் செக்யூரிட்டி டாட் டிஎக்ஸ்டி என்ற கோப்பு இருந்தால், யாரிடம் சொல்வது என்று அதில் இருக்கும், முதலில் அங்கே சொல்லுங்கள்.

சமூகக் கேள்விகளுக்கு வந்தால்தான் கை நடுங்கும். "எல்லாரும் உண்மைப் பெயரில்தான் லாகின் செய்ய வேண்டும், அப்போதுதான் வசவு குறையும்" என்கிறார் ஒருவர். இது ஒரு வாக்கியம் போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று சங்கதி இருக்கிறது: வசவு உண்மையில் குறையுமா, அதற்கு என்ன விலை, அந்த விலையை யார் தலையில் கட்டுவது. தென் கொரியா 2007-இல் பெரிய தளங்களில் அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. 2011-இல் அங்கே ஒரு பெரிய இணைய நிறுவனத்திலிருந்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடு போயின. 2012-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. என்ன விலை என்ற இரண்டாவது கேள்விக்கு இது உதவும். மூன்றாவது கேள்வி அவரவர் மனசாட்சி சம்பந்தப்பட்டது, அதற்குத் தொழில்நுட்ப வேஷம் கட்டாமல் "எனக்கு இதுதான் முக்கியம்" என்று நேராகச் சொல்லிவிடுவது மேல். "பெயர் தெரிந்தால் எனக்கு ஆபத்து" என்று ஒருவர் சொன்னால், நிரூபி என்று அவர் வாழ்க்கையைத் தோண்டாதீர்கள். தோண்டினால் ஆபத்து நீங்கள்தான் என்று ஆகிவிடும்.

ஒரு பதிலில் ஒரு விஷயம் போதும். அவர் எழுதிய வரியை அப்படியே மேற்கோள் காட்டி அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவரிடம் மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஓரமாக நின்று படிப்பவர்களுக்கு அதுவே போதும். தப்பு உங்கள் பக்கம் என்றால் பதிவை அழிக்காமல் கீழே திருத்தம் போடுங்கள்.

அந்த ஓடிபிக்காரருக்குக் காலையில் எழுதினேன், "உங்கள் திருடன் வேறு, என் திருடன் வேறு." சிரித்துவிட்டு, புதுப் போனுக்குப் பாஸ்கீயை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டார். அதில் இப்போது வேறு ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது.