பழைய டர்போ டீசல் எஞ்சினுக்குச் சிலிண்டர் ஹெட் தேர்ந்தெடுக்கும் முறை

1998-இல் வெளிவந்த டாடா சஃபாரியின் 1948 சிசி டர்போ டீசலைப் போன்ற பழைய எஞ்சினைப் பிரித்துக் கட்டுபவருக்கு மூன்று வழிகள் உள்ளன: இருக்கும் ஹெட்டையே (சிலிண்டர்களை மேலிருந்து மூடி, வால்வுகளைத் தாங்கும் பாகம்) சீர்செய்வது, பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஹெட்டை வாங்குவது, புதிய ஹெட்டை வாங்குவது. எதைத் தேர்ந்தாலும் அந்த ஹெட் வெப்பத்தைத் தாங்குமா என்பதே முதற்கேள்வி. மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் வண்டி வத்தலக்குண்டைத் தாண்டி மலைப்பாதையைத் தொட்டபின், தாழ்ந்த கியரில், காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போவின் முழு அழுத்தத்தில் நெடுநேரம் இழுக்க வேண்டியிருக்கும். ஹெட்டின் பலவீனம் அங்கேதான் வெளிப்படும். ஹெட்டைக் கழற்றும் முறையும் டைமிங் குறிப்பதும் தெரிந்தவை என்று கொண்டு மேலே செல்கிறேன்.

முதலில் வார்ப்பு எண்ணையும் உதிரிபாகப் பட்டியலின் எண்ணையும் ஒப்பிடுங்கள். போல்ட் துளைகள் பொருந்துவதால் மட்டும் டர்போ இல்லாத எஞ்சினின் ஹெட் டர்போவுக்கு உகந்ததாகிவிடாது. எக்ஸாஸ்ட் வால்வின் உலோகம், சீட் (வால்வு மூடும்போது அமரும் வளையம்), தண்ணீர்த் துளைகள் ஆகியவை வேறுபடலாம். முன்னறை (டீசல் முதலில் பற்றும் சிறு அறை) ஹெட்டுக்குள் அமைந்த எஞ்சினையும், பிஸ்டன் தலையிலேயே எரிகுழி அமைந்த நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சினையும் எக்காரணம் கொண்டும் கலக்கக் கூடாது.

அடுத்தது சுத்தம் செய்தல். நம் பகுதியில் பலர் ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீரையே ஊற்றுவதால் ஹெட்டின் நீர்ப்பாதைகளில் உப்புக்காரை படிகிறது. காரை படிந்த இடத்தில் உலோகத்தின் வெப்பம் தண்ணீருக்கு எளிதில் இறங்காது. மீட்டர் முள் சரியாகக் காட்டினாலும் அந்த இடம் மட்டும் தனியே சூடேறும். வார்ப்பிரும்பு ஹெட்டைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கலாம். அலுமினிய ஹெட்டை அது அரித்துவிடும்.

இனி வருவதுதான் மிக முக்கியமான படி: விரிசல் சோதனை. இரண்டு வால்வு சீட்டுகளுக்கு இடைப்பட்ட குறுகிய பகுதியையும் முன்னறையின் விளிம்பையும் சிவப்புச் சாயமும், விரிசலுக்குள் புகுந்த சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளை டெவலப்பரும் கொண்டு பாருங்கள். பிறகு நீர்ப்பாதைகளை அடைத்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்து, ஹெட்டை நீரில் மூழ்கடித்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அந்த நீர் ஏறத்தாழ 80 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். எங்கள் எஞ்சினின் ஹெட்டைப் பட்டறையில் பச்சைத் தண்ணீரில் சோதித்தபோது ஒரு குமிழிகூட வரவில்லை. ஆனால் கட்டி முடித்த வண்டி ஊருக்குள் ஓடும்போது ஒழுங்காக இருந்து, மலையேறினால் மட்டும் கூலன்ட்டைக் குடித்தது. மீண்டும் கழற்றிச் சுடுநீரில் வைத்தபோது எக்ஸாஸ்ட் சீட்டின் ஓரத்தில் குமிழிகள் வந்தன. உலோகம் விரிந்தால் மட்டுமே திறக்கும் விரிசல் அது. சர்வீஸ் மேனுவல் வெளிப்படையாக அனுமதித்தாலொழிய, விரிசல் விட்ட ஹெட்டை வெல்டிங் செய்து டர்போ எஞ்சினில் பூட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

விரிசல் இல்லையென்றால் ஸ்ட்ரெய்ட் எட்ஜையும் (நேரான விளிம்புள்ள உலோகச் சட்டம்) ஃபீலர் கேஜையும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) எடுத்து, நீளவாக்கிலும் மூலைவிட்டமாகவும் சமதளத்தைப் பாருங்கள். நான்கு சிலிண்டர் ஹெட்டில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் மேனுவலின் எல்லையைப் பார்த்து முடிவெடுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (எரிந்த புகையை டர்போவுக்குக் கொண்டுசெல்லும் குழாய்த்தொகுதி) அமரும் முகத்தையும் மறக்காமல் சோதியுங்கள். டர்போவின் எடையும் வெப்பமும் அங்கேதான் இறங்குகின்றன. ஃபேஸ் அடித்தபின் (ஹெட்டின் அடிமுகத்தைச் சமமாகச் சீவியபின்) வால்வு எவ்வளவு உள்ளடங்கியிருக்கிறது என்பதை டயல் கேஜால் அளக்க வேண்டும். இந்த அளவுக்கு வெர்னியரை நான் நம்புவதில்லை. வால்வு மேலெழுந்திருந்தால் பிஸ்டனில் இடிக்கும். அளவுக்கு மீறி உள்ளடங்கினால் கம்ப்ரஷன் குறையும்.

எக்ஸாஸ்ட் வால்வின் வெப்பத்தில் பெரும்பகுதி சீட் வழியாகவே வெளியேறுவதால், அந்தச் சீட்டைப் பந்தய எஞ்சினைப் போல் மெல்லிதாக்க விடாதீர்கள். ஸ்பிரிங்குகளையும் எடையேற்றிச் சோதியுங்கள். 36 மில்லிமீட்டர் விட்டமுள்ள இன்டேக் வால்வின் பின்புறத்தில் டர்போவின் 0.8 பார் அழுத்தம் தள்ளினால், ஏறத்தாழ 8 கிலோ எடைக்குச் சமமான விசை அதைத் திறக்கப் பார்க்கும். தளர்ந்த ஸ்பிரிங் அதற்கு ஈடுகொடுக்காது.

என் தேர்வு வரிசை இதுதான்: விரிசலற்ற சொந்த ஹெட், அது இல்லையென்றால் டர்போவுக்கென்றே வார்த்த புதிய ஹெட், கடைசியாகத்தான் வரலாறு தெரியாத பழைய ஹெட்.

பின்சேர்க்கை: இதைப் படித்த உசிலம்பட்டி நண்பர் ஒருவர், புதிதாக வாங்கிய ஹெட்டில் இரண்டு தண்ணீர்த் துளைகள் கேஸ்கெட்டோடு (ஹெட்டுக்குக் கீழே வைக்கும் அடைப்புத் தகடு) பொருந்தவில்லை என்று எழுதினார். ஆகவே கடைக்குப் போகும்போதே புதிய கேஸ்கெட்டைக் கையில் கொண்டுசென்று, ஹெட்டின் மீது வைத்து ஒவ்வொரு துளையையும் சரிபாருங்கள். உள்ளே வார்ப்பு மணல் தங்கியிருக்கிறதா என்பதையும் டார்ச் அடித்துப் பார்த்தபின் பணம் கொடுங்கள்.