சுடுவது பாதி, கொண்டுபோய்க் கொடுப்பது மீதி

வீட்டில் பேக் செய்ய ஆரம்பித்த புதிதில், ஓவனிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம்கூட ஆகாத கேக்கை டப்பாவில் போட்டு இறுக்க மூடி, தோழி வீட்டுக்குப் பெருமையாக எடுத்துக்கொண்டு போனேன். அங்கே போய்த் திறந்தால் மூடியின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். கேக்கின் மேல்பகுதி ஊறிப்போய் விரலில் ஒட்டுகிறது, அடிப்பகுதி டப்பாவை விட்டு வர மாட்டேன் என்கிறது. கடைசியில் ஆளுக்கொரு கரண்டியை எடுத்து வழித்துத்தான் சாப்பிட்டோம். ருசிக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் அதைக் கேக் என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

நாமே சாப்பிடச் செய்வது ஒரு வேலை, பிறருக்குக் கொடுக்கச் செய்வது வேறு வேலை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. ஓவனுக்கும் அடுத்தவர் வாய்க்கும் நடுவே சில மணி நேரம் இருக்கிறது, சில சமயம் இரண்டு மூன்று நாள்கூட. அதனால் என்ன செய்யலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் எப்போது கொடுக்கப் போகிறோம், எதில் வைத்துக் கொண்டுபோகப் போகிறோம் என்று யோசியுங்கள். க்ரீம் வைத்தது, கஸ்டர்ட் ஊற்றியது எல்லாம் வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெயில் காலம் என்றால் அதுவும் அதிகம். பஃப் பேஸ்ட்ரி சுட்ட அன்றே காலியாக வேண்டும், மறுநாள் அந்த மொறுமொறுப்பு இருக்காது. வெண்ணெய் கேக் இதற்கு நேர் எதிர், முதல் நாளைவிட இரண்டாம் நாள்தான் நன்றாக இருக்கும். வெண்ணெய் பிஸ்கட் காற்றுப்புகாத டப்பாவில் ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு என் சிபாரிசு கடைசி இரண்டும்தான். க்ரீம் ரோஜா எல்லாம் கைக்கு வரும்போது வரட்டும்.

வாங்க வேண்டிய சாமான் என்று பார்த்தால் இரண்டே இரண்டு. முதலாவது ஒரு டிஜிட்டல் தராசு. ஒரே கப்பில் மைதாவை லேசாகத் தூவி நிரப்பினால் 120 கிராம் வரும், அதே கப்பை மாவுக்குள் விட்டு அமுக்கி அள்ளினால் 150 கிராம் வரும். நாலு கப் அளந்தால் 100 கிராமுக்கு மேல் வித்தியாசம். ‘அதே அளவுதான் போட்டேன், இந்த முறை ஏன் கல்லு மாதிரி வந்தது’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இதுதான். இரண்டாவது, ஓவனுக்குள் தொங்கவிடும் சின்ன தெர்மாமீட்டர். வெளியே குமிழில் 180 என்று இருக்கும், உள்ளே 160தான் இருக்கும், அல்லது 200 இருக்கும். என் பழைய ஓவன் 20 டிகிரி கூடுதலாகச் சுட்டது, அது தெரியாமல் ஒரு வருஷம் என் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

சரி, பிஸ்கட்டுக்கு வருவோம். கணக்கு 1, 2, 3. சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மைதா மூன்று பங்கு, எல்லாம் எடையில். 100 கிராம் பொடித்த சர்க்கரை, 200 கிராம் வெண்ணெய், 300 கிராம் மைதா, ஒரு சிட்டிகை உப்பு. முட்டையும் வேண்டாம், பேக்கிங் பவுடரும் வேண்டாம். வெண்ணெய் விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் பதத்தில் இருக்க வேண்டும், உருகி ஓடக் கூடாது. அதைச் சர்க்கரையோடு சேர்த்து ஒரு மரக்கரண்டியால் நிறம் கொஞ்சம் வெளுக்கிற வரைக்கும் குழையுங்கள். அப்புறம் மைதாவையும் உப்பையும் சலித்துப் போட்டு, விரல் நுனியால் சேர்த்துப் பிடியுங்கள். பிடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பிசையாதீர்கள். பிசையப் பிசைய மைதாவில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் இழுவை கட்டிக்கொள்ளும், பிஸ்கட் வாயில் கரையாமல் கடிக்க வேண்டியதாகிவிடும். மாவு முதலில் உதிரி உதிரியாக, சேரவே சேராது என்பதுபோல் இருக்கும். பயந்து தண்ணீர் தெளித்துவிடாதீர்கள், கைச்சூட்டில் வெண்ணெய் இளகி இரண்டு நிமிடத்தில் தானாகவே திரளும்.

திரண்டதை 4 சென்டிமீட்டர் கனத்தில் உருளையாக உருட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். இந்த ஒரு மணி நேரத்தைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கப் பார்ப்பார்கள். வெண்ணெய் 32 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே உருக ஆரம்பித்துவிடும். குளிராத மாவை ஓவனில் வைத்தால், மாவு வெந்து இறுகுவதற்கு முன்னால் வெண்ணெய் ஓடிவிடும், தனித்தனியாக வைத்த பிஸ்கட் எல்லாம் கைகோத்துக்கொண்டு ஒரே தட்டாக வந்து நிற்கும். நன்றாகக் குளிர்ந்ததும் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வில்லைகளாக வெட்டினால் ஏறக்குறைய 40 வரும். 15 நிமிடமாவது முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 170 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம். ஃபேன் ஓடும் ஓவன் என்றால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

எடுக்கும் பதம்தான் இதில் சூட்சுமம். ஓரம் மட்டும் லேசான பொன்னிறம், நடுவில் வெளிர்நிறம், தொட்டால் இன்னும் மெத்தென்று இருக்கும். வேகவில்லையோ என்று தோன்றும். எடுத்துவிடுங்கள். பிஸ்கட் மொறுமொறுப்பாவது ஓவனுக்குள் இல்லை, வெளியே வந்து ஆறும்போதுதான். உள்ளேயே மொறுமொறுப்பாகட்டும் என்று காத்திருந்தால் அடி கருகிவிடும். ட்ரேயிலேயே 5 நிமிடம் விட்டு, பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள். சூட்டோடு தூக்கினால் உடைந்துபோகும். (உடைந்தது சமையல் செய்தவருக்கே சொந்தம், அது ஒரு எழுதாத சட்டம்.)

வெண்ணெய் கேக்குக்குக் கணக்கு இன்னும் சுலபம்: நாலு பொருளும் சம எடை. ஓடு நீக்கிய ஒரு முட்டை சுமார் 50 கிராம் என்பதால் 4 முட்டைக்கு வெண்ணெய், சர்க்கரை, மைதா ஒவ்வொன்றும் 200 கிராம். கூடவே ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு. பேக்கிங் பவுடர் பழசாக இருந்தால் ஒரு ஸ்பூனை வெந்நீரில் போட்டுப் பாருங்கள், பொங்கவில்லை என்றால் குப்பைக்குத்தான். அதற்குப் பதிலாகச் சமையல் சோடாவை அதே அளவு போட்டுவிடாதீர்கள், வீரியம் மூன்று மடங்குக்கும் மேல், போதாததற்குப் புளிப்பு ஏதாவது சேராவிட்டால் சோப்பு மாதிரி ஒரு வாடை வரும்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் பீட்டரால் 5 நிமிடமாவது அடியுங்கள். சர்க்கரையின் கூர் முனைகள் வெண்ணெய்க்குள் குட்டிக் குட்டிக் காற்றுப் பைகளைக் குத்தி வைக்கும், பேக்கிங் பவுடர் அந்தப் பைகளைப் பெரிதாக்கத்தான் செய்கிறது, புதிதாக ஒன்றையும் உண்டாக்குவதில்லை. முட்டையை முன்கூட்டியே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்து, ஒவ்வொன்றாக ஊற்றி அடியுங்கள். கலவை திரிந்ததுபோல் ஆனால் ஒரு கரண்டி மைதாவைப் போட்டு அடித்தால் சேர்ந்துவிடும். மீதி மைதாவைப் போட்டபின் பீட்டரைக் கழுவப் போட்டுவிட்டுக் கரண்டியால் மடித்து மடித்துக் கலந்தால் போதும். 170 டிகிரியில் 55 முதல் 60 நிமிடம். முதல் அரை மணி நேரம் கதவைத் திறக்காதீர்கள், நடுவில் தொப்பென்று அமுங்கிவிடும். குத்திய குச்சியில் ஈர மாவு ஒட்டாமல் வந்தால் எடுக்கலாம்.

இப்போது என் முதல் கேக்கைக் கெடுத்த இடம். டின்னிலேயே 10 நிமிடம், அப்புறம் கவிழ்த்துக் கம்பித் தட்டில் குறைந்தது 2 மணி நேரம். கேக்கின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். மேலே ஆறியிருந்தாலும் அடியில் வெதுவெதுப்பு இருந்தால் உள்ளே ஆவி இன்னும் இருக்கிறது என்று அர்த்தம், அது டப்பாவுக்குள் தண்ணீராகும், தண்ணீர் பூஞ்சணமாகும். ராத்திரி சுட்டு, சுத்தமான துணி போட்டு மூடி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டு, காலையில் டப்பாவில் போடுவதுதான் என் வழக்கம். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், க்ரீம் இல்லாத கேக் அங்கே சீக்கிரம் வறண்டு இறுகிவிடும்.

பார்சல் கட்டுவது என்றால் அட்டைப்பெட்டி, ரிப்பன் என்று பலரும் அதில்தான் முனைகிறார்கள், எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் கறார். கேக்கையும் பிஸ்கட்டையும் ஒரே டப்பாவில் வைக்க மாட்டேன். கேக்கின் ஈரம் பிஸ்கட்டுக்குப் போய்விடும், காலையில் பார்த்தால் பிஸ்கட் நமத்திருக்கும், கேக் வறண்டிருக்கும், இரண்டும் போச்சு. பிஸ்கட்டை வரிசைக்கு நடுவே பட்டர் பேப்பர் போட்டு, ஆடாத அளவுக்கு நெருக்கமாக அடுக்குங்கள். டப்பாவில் மிச்ச இடம் இருந்தால் காகிதத்தைக் கசக்கி அடையுங்கள், வழியில் உடைவது காலி இடத்தால்தான். கேக்கை வெட்டாமல் முழுசாகக் கொடுத்தால் ஈரப்பதம் நிற்கும்.

டப்பா மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள். என்ன பண்டம், என்றைக்குச் சுட்டது, எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும், அதில் மைதா, பால், முட்டை, கொட்டைப் பருப்பு எவை இருக்கின்றன. இது சம்பிரதாயத்துக்கு இல்லை. கொட்டை வகை ஒத்துக்கொள்ளாத ஒருவருக்கு ஒரு வாய் போதும், உயிருக்கே ஆபத்தாகலாம். போன முறை பாதாம் அரைத்த அதே மிக்ஸி ஜாரில் இந்த முறை சர்க்கரை பொடித்திருந்தால் அதையும் எழுதுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இன்னொன்று, தேன் சேர்த்ததை ஒரு வயது ஆகாத குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. உங்கள் சமையலறையில் சுற்றி நிற்கும் வாண்டுகள் பச்சை மாவை நக்குவதையும் தடுங்கள். முட்டை இல்லாத மாவுதானே என்பார்கள், வேகாத மைதாவிலேயே கிருமி இருக்கலாம்.

கொடுக்கும்போது கொஞ்சமாகக் கொடுங்கள். நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு 40 பிஸ்கட் கொடுத்தால் அது தீர்க்க வேண்டிய வேலையாகிவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு கொடுத்தால் சாயந்திரமே போன் வரும். எப்படி இருந்தது என்று கேட்டால் எல்லோரும் சூப்பர் என்றுதான் சொல்வார்கள், அதனால் நான் அப்படிக் கேட்பதில்லை. ‘இனிப்பு தூக்கலா, கம்மியா?’ என்று கேட்பேன். அதற்கு மட்டும் உண்மையான பதில் கிடைக்கிறது. அப்படித்தான் என் கேக்கில் 200 கிராம் சர்க்கரை 170 கிராமுக்கு இறங்கியது, கேக்கும் கெடவில்லை. ஆனால் இதற்கு மேல் குறைத்தால் மென்மையும் போகும், நிறமும் ஏறாது.

டப்பா திரும்பி வராது, அதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொண்டு பழைய ஜாம் பாட்டில், தகர டின் என்று சேர்த்து வையுங்கள். பிஸ்கட் மாவு உருளையையும் எப்போதும் ஒன்று கூடுதலாகச் செய்து ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள், இரண்டு மூன்று மாதம் கெடாது. சொல்லாமல் கொள்ளாமல் யாராவது வந்து நின்றால் ஓவனைத் தட்டிவிட்டு, உருளையை வெளியே எடுத்து வையுங்கள். ஓவன் சூடாகிற நேரத்தில் கத்தி இறங்குகிற அளவுக்கு அது இளகிவிடும். ஒரு பத்து வில்லையை மட்டும் வெட்டி, இரண்டு நிமிடம் கூடுதலாகச் சுடுங்கள், மீதியை மறுபடி சுற்றி உள்ளே வைத்துவிடலாம். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் வெண்ணெய் வாசனை கூடத்துக்கு வந்திருக்கும்.