பழைய டெஸ்க்டாப்புக்குச் செலவு செய்யும் முன்: எங்கே திணறுகிறது என்று பாருங்கள்

திருவல்லிக்கேணியில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, கிராஃபிக்ஸ் கார்டு போட்டும் சிஸ்டம் அப்படியேதான் இருக்கு. காலையில ஆன் பண்ணிட்டு, வந்தவங்களைக் கால் மணி நேரம் நிக்க வெக்கிறேன்" என்றார். போய்ப் பார்த்தேன். இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். கல்யாணப் பத்திரிகையும் விண்ணப்பமும் அடிக்கிற மெஷின். யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு சின்ன கிராஃபிக்ஸ் கார்டை வாங்கி மாட்டியிருந்தார். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பிராசஸர் 14 சதவீதம். டிஸ்க் 100. அந்த 100 இறங்கவே இல்லை.

பழைய கம்ப்யூட்டர் விஷயத்தில் அதிகம் பார்க்கிற தவறு இதுதான்: எங்கே அடைப்பு என்று பார்க்காமலே பொருளை வாங்கிவிடுவது. மெஷின் திணறுகிற அந்த நேரத்திலேயே டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். டிஸ்க் 100-இல் நின்றால் எஸ்.எஸ்.டி. வேண்டும், அதாவது சுற்றும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் டிஸ்க். மெமரி 90-ஐத் தாண்டினால் ரேம் வேண்டும். இரண்டும் சும்மா இருக்க, பிராசஸர் மட்டும் உச்சியில் நின்றால் நீங்கள் செய்கிற வேலைக்கு அந்த மெஷின் பத்தவில்லை. இதற்கு ஐந்து நிமிடம் போதும், காசும் கிடையாது.

எஸ்.எஸ்.டி. ஏன் இவ்வளவு வித்தியாசம் காட்டுகிறது? டெஸ்க்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு 8 மில்லி செகண்டுக்கு மேல் ஆகிறது. விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தட்டின் வெவ்வேறு மூலையிலிருந்து தேடி எடுக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதும் தேடுவதும் இல்லை. மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்குக்குள் வேலை முடிந்துவிடும். அதனால்தான் பத்து வருட மெஷினும் புதுசு மாதிரி ஓடுகிறது.

இங்கேயும் சறுக்குகிற இடம் உண்டு. புதிதாக வருகிற, சூயிங்கம் பட்டை போல இருக்கும் என்.வி.எம்.இ. வகை வேகமானது என்று கேள்விப்பட்டு அதை வாங்கி வந்துவிடுகிறார்கள். நான்காம் தலைமுறை மதர்போர்டுகள் பெரும்பாலானவற்றில் அதற்கான இடமே கிடையாது. அடாப்டர் வைத்து மாட்டினாலும், பல பழைய பயாஸ்கள் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் போர்டின் மென்பொருள்) அதிலிருந்து விண்டோஸைத் துவக்காது. ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே சாட்டா கேபிளில் மாட்டுகிற 2.5 இன்ச் எஸ்.எஸ்.டி. போதும். சில போர்டுகளில் நொடிக்கு 3 ஜிகாபிட், 6 ஜிகாபிட் என்று இரண்டு வகை சாட்டா போர்ட்டுகள் இருக்கும். 6 என்று எழுதியிருப்பதில் மாட்டுங்கள். பழைய டிஸ்கை அப்படியே குளோன் செய்யும் முன் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதன் உடல்நிலையைப் பாருங்கள். மஞ்சளோ சிவப்போ காட்டினால் வாடிக்கையாளர் ஃபைல்களை முதலில் வேறு இடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள். மற்ற வேலையெல்லாம் அதற்கப்புறம்தான்.

ரேமில் நடப்பது எளிய தவறு, ஆனால் அடிக்கடி நடப்பது. டி.டி.ஆர்.3, 4, 5 என்ற ரேம் வகைகள் ஒன்றுக்கொன்று சேராது. கீழே இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். அழுத்தி மாட்டப் பார்த்தால் ஸ்லாட் உடையும். பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவது நல்லது, குறைந்தது அதன் ஸ்டிக்கரையாவது போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 32 பிட் போட்டிருந்தால் 4 ஜிபிக்கு மேல் சேர்த்தும் பலன் இல்லை.

பிராசஸர் மாற்றும் யோசனையைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். பிராசஸர் உட்காரும் சாக்கெட்டின் பெயர் ஒன்றாக இருப்பதே போதாது: இன்டெல் ஆறாம், எட்டாம் தலைமுறை இரண்டுக்குமே 1151 சாக்கெட்தான், ஆனாலும் ஆறாம் தலைமுறைக்கு வந்த போர்டில் எட்டாம் தலைமுறை பிராசஸர் ஓடாது.

கிராஃபிக்ஸ் கார்டு கேம் ஆடுபவருக்கும் வீடியோ எடிட்டிங் செய்பவருக்கும் வேண்டும். அவர்களும் முதலில் பார்க்க வேண்டியது எஸ்.எம்.பி.எஸ்.ஸை, அதாவது கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டியைத்தான். போர்டின் ஸ்லாட் 75 வாட் வரைதான் தரும். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்குத் தனி கனெக்டர் வேண்டும். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 450 வாட் என்று அச்சடித்திருப்பதை நம்பிப் பெரிய கார்டு மாட்டாதீர்கள். அது போகிறபோது சில சமயம் போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். ஆபீஸ்களுக்கென்று வரும் பிராண்டட் டெஸ்க்டாப்களில் பவர் கனெக்டரே வேறு மாதிரி இருக்கலாம். திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அக்காவின் கேபினெட்டைத் திறந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பிராசஸரின் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்கின் தகடுகளுக்கு நடுவில் தூசி கம்பளி போலப் படிந்திருந்தது. தெருவைப் பார்த்த கடை, மேலே ஃபேன், இந்த ஊர்ப் புழுக்கம்; வேறெப்படி இருக்கும். அடியில் தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாய்க் காய்ந்து உதிர்ந்தது. சூடு ஏறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிரஷ்ஷால் சுத்தம் செய்து, புது பேஸ்ட் வைத்து, ரேமின் பித்தளை நிறப் பற்களை ரப்பரால் தேய்த்து மாட்டினேன். ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பின்னோக்கிப் போகிறதா? போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கிறது. போர்டு கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் அதை முதலில் மாற்றிப் பாருங்கள்.

240 ஜிபி எஸ்.எஸ்.டி.யும் இன்னொரு 4 ஜிபி ரேமும் போட்டோம். கார்டைக் கழற்றிவிட்டோம். பிராசஸரிலேயே இருக்கும் கிராஃபிக்ஸ் அவர் வேலைக்கு மிச்சம். மறுநாள் காலை, "டீ வர்றதுக்குள்ள ஓப்பன் ஆயிடுச்சு தம்பி" என்று போன் செய்தார்.

ஆனால் எவ்வளவு செலவு செய்யலாம் என்பதற்கு ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி மெஷினில் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் கணக்கு. ரேம், எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ். என்று மூன்றுக்கும் சேர்த்து வரும் தொகை ஒரு செகண்ட் ஹேண்ட் எட்டாம் தலைமுறை மெஷினின் பாதி விலையைத் தொட்டால் நான் பழையதை நிறுத்தச் சொல்லிவிடுவேன். கம்பெனிகள் கழித்த டெஸ்க்டாப்கள் சென்னை ரிச்சி தெருக் கடைகளில் கிடைக்கும். இரண்டு மூன்று கடை ஏறி இறங்குங்கள், ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள், வாரண்டி எத்தனை மாதம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். 'ஐ5 சார், சூப்பர் சார்' என்பது மட்டும் போதாது. ஐ5-க்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள்: 4570 என்றால் நான்காம் தலைமுறை, 8500 என்றால் எட்டு.