கோளாறு வருவதற்கு முன்பே சூடு காட்டிக்கொடுக்கும்

பேனல் போர்டில் ஒரு டெர்மினல் ஸ்க்ரூ லேசாகத் தளர்ந்தாலே அந்த இடத்தில் மின்தடை கூடி, லோடு ஏற ஏற சூடும் ஏறும். கரண்ட் 2 மடங்கானால் அங்கே உண்டாகும் வெப்பம் 4 மடங்கு. அதனால் சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமராவில் பார்ப்பதானால் மெஷின் நல்ல லோடில் ஓடும்போது பாருங்கள், சும்மா கிடக்கும்போது எடுத்த படத்தில் ஒன்றும் தெரியாது. 3 ஃபேஸிலும் ஒரே அளவு கரண்ட் போகிறது, ஆனால் ஒரு முனை மட்டும் தனியாகச் சுடுகிறது என்றால் கோளாறு அங்கேதான். பளபளக்கும் செம்பு பஸ்பார் (பேனலுக்குள் கரண்டைக் கொண்டுபோகும் உலோகப் பட்டை) மட்டும் கேமராவை ஏமாற்றிவிடும், சூட்டைக் குறைத்துக் காட்டும். சப்ளையை நிறுத்தியிருக்கும்போது அதில் ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவைத்து, அப்புறம் ஓடும்போது டேப்பின் மேல் அளந்தால் சரியாக வரும்.

மோட்டாருக்கு மெகர் அளவும் பாருங்கள், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச்சுருளின் (வைண்டிங்) இன்சுலேஷன் எவ்வளவு நன்றாக மின்கசிவைத் தடுக்கிறது என்று மெகர் கருவி காட்டும் அளவு. ஒரு தடவை வந்த எண்ணை வைத்து முடிவு கட்டாமல், மோட்டார் ஆறியபிறகு ஒவ்வொரு முறையும் அளந்து தேதி போட்டு எழுதிவையுங்கள். 500 மெகாஓம் இருந்தது 200, பிறகு 60 என்று இறங்கிக்கொண்டே போனால், 60 என்பது தனியாகப் பார்க்க நல்ல அளவுதான் என்றாலும், வைண்டிங்கில் ஈரமோ அழுக்கோ ஏறுகிறது என்று சந்தேகப்படலாம். சப்ளை இருக்கும் பேனலின் மூடியைத் திறக்கும் வேலை மட்டும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனுடையது, அதில் நீங்கள் கை வைக்கவே வேண்டாம்.